மூணு வரிசை எஸ்யூவில கடைசி சீட் யாருக்குப்பா?

ரெண்டாம்கியர்:
வீட்ல ஆறு பேர். நான், வைஃப், ரெண்டு பசங்க, அப்பா, அம்மா. போன வாரம் ஒரு மூணு வரிசை எஸ்யூவி டெஸ்ட் டிரைவ் போனோம், பேர் வேணாம். முன்னாடி உக்காந்தா ராஜா மாதிரி இருக்கு, சரி கடைசி வரிசைய பாப்போம்னு நானே நுழைஞ்சேன், ஏறுறதுக்குள்ளயே இடுப்பு புடிச்சிக்கிச்சு, உக்காந்தா முட்டி ரெண்டும் நெஞ்சுக்கு நேரா நிக்குது, தலை கூரைல இடிக்குது. வண்டி நீளம் கிட்டத்தட்ட 5 மீட்டர்! எங்கதான் போச்சு அவ்ளோ இடம்? டிசைன் பண்ணவங்க ஒரு தடவையாச்சும் அதுல உக்காந்து பாத்திருப்பாங்களா? பிரோச்சர்ல லெக்ரூம் (கால் நீட்டுற இடம்) நம்பர் மட்டும் பாத்தா போதுமா?

நட்டுபோல்ட்டு:
உக்காந்து பாக்காம எல்லாம் இல்ல ப்ரோ. ஆரம்பத்துலயே மரம், ஃபோம்லாம் வச்சு டம்மி கேபின் ஒன்னு கட்டி (சீட்டிங் பக்னு சொல்வாங்க) குட்டை, நெட்டைன்னு ஆள் ஆளா ஏத்தி இறக்கி பாப்பாங்க. தெரிஞ்சேதான் விடுறாங்க, ஏன்னா அங்க இடமே இல்ல. வண்டிய லிஃப்ட்ல ஏத்தி பின்னாடி அண்ணாந்து பாருங்க, சஸ்பென்ஷன் (சக்கரத்த தாங்குற ஸ்பிரிங் அமைப்பு), ஆல் வீல் டிரைவ்னா (நாலு சக்கரமும் இழுக்குற வண்டி) டிஃபரன்ஷியல் (ரெண்டு பின் சக்கரத்துக்கும் சக்திய பிரிக்கிற கியர் பெட்டி), சைலன்சர், எல்லாம் அந்த சீட்டுக்கு கீழயும் பக்கத்துலயும்தான் குடித்தனம் நடத்துது. அதனால தரை மேல ஏறிடுது, கூரை ஸ்டைலுக்காக சரிஞ்சு வருது, நடுவுல மாட்டுறது உங்க முட்டி.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் நல்ல உதாரணம். முதல்ல பின்னாடி கட்டை ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் சேக்குற ஒரே தண்டு), அது முழுசா மேலயும் கீழயும் ஆட இடம் விடணும்ல, தரைய இறக்கவே முடியாது. 2002 மாடல்ல இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனுக்கு (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஆடும்) மாறி, சக்கரத்த சுத்துற ஷாஃப்ட்ட ஃபிரேம்ல ஓட்டை போட்டு அதுக்குள்ளயே விட்டாங்க, தரை இறங்குச்சு, மூணாவது வரிசையும் வந்துச்சு. டொயோட்டா ஹைலேண்டர் கதை வேற. 2001ல வந்தப்ப கேம்ரி காரோட பிளாட்ஃபார்ம் (அடித்தளம்), 5 சீட்டுதான், மூணாவது வரிசைய 2004 மாடல்லதான் சொருகுனாங்க. அப்புறம் 2014 மாடல்ல பின்னாடி இருந்த ஸ்ட்ரட்ட (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த தூண்) தூக்கிட்டு டபுள் விஷ்போன் (மேல ஒன்னு கீழ ஒன்னுன்னு கை வச்சு சக்கரத்த புடிக்கிற அமைப்பு) போட்டாங்க. ஸ்ட்ரட் நெட்டுக்குத்தலா நிக்கும், அதோட தலை ரெண்டு பக்கமும் உள்ள புடைச்சிட்டு வரும். அது போனதும் கடைசி சீட் அகலமாச்சு, 7 பேர் வண்டி 8 பேர் வண்டி ஆச்சு. வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) என்னவோ அதே 2790 மிமீதான், அகலம் வந்துச்சு, கால் நீட்ட இடம் அவ்ளோவா வரல.

சும்மாஎட்டிபார்த்தேன்:
பேசாம மினிவேன் வாங்குங்க பாஸ். தாழ்வான தரை, ஸ்லைடிங் டோர், உங்க அம்மா பாட்டுக்கு ஏறி உக்காந்துடுவாங்க. வேன்னு சொன்ன உடனே வீட்ல மூஞ்சி சுருங்கும், அத நீங்கதான் பாத்துக்கணும் 😄

நீளவீல்பேஸ்:
நட்டுபோல்ட்டு அண்ணன் சொன்னது சரிதான், ஆனா டொயோட்டாவே கடைசில வேற வழியில்லாம 2023ல கிராண்ட் ஹைலேண்டர்னு தனியா ஒன்னு விட்டாங்கல்ல. அதுக்குள்ள புதுசாகி இருந்த சாதா ஹைலேண்டர் வீல்பேஸ் 2850 மிமீ, இது 2950. கடைசி வரிசை லெக்ரூம் 28 இன்ச் பக்கம் இருந்தது 33.5 ஆச்சு.

எலக்ட்ரிக்ல இன்னும் வேடிக்கை. முதல் தலைமுறை கியா டெல்லுரைடு (பெட்ரோல் வண்டி) 5 மீட்டர் நீளம், வீல்பேஸ் 2900. அதே கியாவோட எலக்ட்ரிக் இவி9 கிட்டத்தட்ட அதே நீளம், வீல்பேஸ் 3100, ஏன்னா முன்னாடி பெரிய இன்ஜின் இல்ல, சக்கரத்த ஓரத்துக்கு தள்ளிட்டாங்க. ஆனா காலுக்கு கீழ பேட்டரி படுத்திருக்கு, தரை உசரம், அதனால நீளம் இருந்தும் முட்டி கொஞ்சம் தூக்கலாதான் இருக்கும்.

லெக்ரூம் நம்பர மட்டும் நம்பாதீங்க. அது கணுக்கால்ல இருந்து இடுப்பு வரைக்கும் அளந்து மேல ஒரு 254 மிமீ கூட்டுற கணக்கு. சீட் தரைல இருந்து எவ்ளோ உசரம்னு அதுல தெரியவே தெரியாது. உங்க வீட்டு நாற்காலிய அளந்து பாருங்க, 45 செமீ கிட்ட வரும். அதே டேப்ப எடுத்துட்டு போய் அந்த கடைசி சீட்ட அளங்க.

ரெண்டாம்கியர்:
அளக்குறேன். இன்னொன்னு, பசங்கள பின்னாடி போட்டா சேஃப்டி எப்படி? சின்னவனுக்கு இன்னும் சைல்ட் சீட்.

நட்டுபோல்ட்டு:
அமெரிக்கால ஐஐஹெச்எஸ் (வண்டிகள மோத விட்டு சேஃப்டி பாக்குற அமைப்பு) 2022ல இருந்து முன்பக்க மோதல் டெஸ்ட் ஒன்னுல பின்னாடியும் ஒரு டம்மி பொம்மை வைக்கிறாங்க, ஆனா அது ரெண்டாவது வரிசைல. மூணாவதுல கிடையாது. சைல்ட் சீட் மாட்டுற ஆங்கர் (கொக்கி மாட்டுற கம்பி) கடைசி வரிசைல இருக்கான்னு கைய விட்டு தடவி பாருங்க, எல்லா வண்டிலயும் இருக்காது. சின்னவன ரெண்டாவதுல போட்டீங்கன்னா சைல்ட் சீட்ட கழட்டாம அந்த சீட் முன்னாடி சாயுமான்னும் பாருங்க (2013 நிசான் பாத்ஃபைண்டர்ல சாயும், குழந்தைய மட்டும் இறக்கிடணும்), இல்லன்னா ஒவ்வொரு தடவையும் பெரியவன் பின்னாடி ஏற சர்க்கஸ்தான்.

ரெண்டாம்கியர்:
அப்டேட்: நேத்து டேப்போட போனேன், சேல்ஸ் பையன் ஒரு மாதிரி பாத்தான். கடைசி சீட் உசரம் 27 செமீ. அம்மா ஒரு தடவ உக்காந்து எந்திரிச்சாங்க, "இதுக்கு நம்ம மணைக்கட்டையே தேவலடா"ன்னுட்டாங்க. வைஃப் இப்ப வேன் பாக்குறா.