பிரெஞ்சுக் கேள்வி வாக்கியம்: பெயர் எழுவாயாக வந்தால் எப்படித் திருப்புவது?

வணக்கம். பிரெஞ்சு கற்பிப்பவர்கள் யாராவது உதவுங்கள்.

'எஸ்க' சேர்த்துக் கேட்பதில் சிக்கல் இல்லை. நம் 'வருகிறாயா'வில் கடைசியில் ஒட்டும் 'ஆ' செய்கிற வேலையை அது முன்னால் நின்று செய்கிறது: 'த்யூ வியாங்' என்றால் நீ வருகிறாய், 'எஸ்க த்யூ வியாங்?' என்றால் வருகிறாயா. சொல்வரிசை மாறாது. 'எஸ்க வியாங்-த்யூ?' என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். ஒரே கேள்விக்கு இரண்டு குறி, அதனால் தப்பு.

வினையை முன்னால் கொண்டுவரும்போது நடுவில் வரும் 'த்'தும் புரிகிறது. 'இல் அ' (அவனிடம் இருக்கிறது) திரும்பினால் 'அ-த்-இல்?' ஆகும். இரண்டு உயிர் மோதாமல் இருக்க வரும் நம் உடம்படுமெய் மாதிரியேதான். மணி, அடி சேர்ந்தால் மணியடி ஆகிறதே, அப்படி.

தடுமாற்றம் பெயர்ச்சொல்லில்தான். 'ஊ அபித் மரீ?' (மரீ எங்கே வசிக்கிறாள்?) சரி. ஆனால் 'பூர்க்வா பார் மரீ?' (மரீ ஏன் போகிறாள்?) தப்பு, பெயரை அங்கேயே விட்டு, வினைக்குப் பின்னால் 'எல்' (அவள்) சேர்த்து, 'பூர்க்வா மரீ பார்த்-எல்?' என்றுதான் எழுத வேண்டும். செயப்படுபொருள் வந்தால் 'ஊ'வுக்கும் இதே கதி: 'ஊ மரீ அஷெத்-த்-எல் து பாங்?' (மரீ எங்கே ரொட்டி வாங்குகிறாள்?)

'பூர்க்வா' மட்டும் ஏன் இப்படி அடம்பிடிக்கிறது? 'காங்' (எப்போது), 'கொமாங்' (எப்படி) எந்தப் பக்கம்? டெல்ஃப் பி1 (பிரெஞ்சு மொழித் திறன் தேர்வின் இடைநிலை) எழுத்துத் தேர்வில் இந்த வடிவம் அவசியமா, எல்லா இடத்திலும் 'எஸ்க' போட்டாலே போதுமா? பெயர் எழுவாயை மட்டும் வைத்த பயிற்சி வாக்கியங்கள் பத்துப் பதினைந்து இருந்தால் இங்கேயே போடுங்கள்.