தம்பிக்காக நான் வைத்த கையெழுத்து

ஒன்ராறியோவில் சீ.டி.ஓ. (மனநோய் உள்ளவர் வார்டுக்கு வெளியே இருந்தபடி சிகிச்சை எடுக்கவேண்டும் என்ற உத்தரவு) எழுத மருத்துவர் கேட்டால் குடும்பம் சம்மதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் தம்பிக்குக் கையெழுத்து வைத்தது நான்தான். அவனுக்கு ஸ்கிட்சோஃப்ரினியா. வார்டில் மருந்து எடுத்துத் தெளிவான். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் "எனக்கு நோயே இல்லை" என்று மருந்தை விட்டுவிடுவான். பிறகு யன்னலுக்குப் பேப்பர் ஒட்டுவான், அம்மா சமைத்ததைத் தொடமாட்டான். முற்றினால் பொலிஸ், திரும்பவும் வார்ட்.

1995இல் ஒட்டாவாவில் விளையாட்டுச் செய்தியாளர் பிரையன் ஸ்மித்தை மனநோய் இருந்த ஒருவர் சுட்டுக் கொன்றார். இந்த உத்தரவைக் கொண்டுவந்த, ஸ்மித்தின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2000 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு கொலையிலிருந்து பிறந்த சட்டம் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. என் தம்பி ஒருவரிலும் கை வைத்ததில்லை.

உத்தரவு ஆறு மாதத்துக்கு. அவரவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லையென்றால் சம்மதம் குடும்பத்திடம் வரும். பலர் பயப்படுவது போல வீட்டுக்கு வந்து பிடித்துவைத்து ஊசி போடமாட்டார்கள். ஊசிக்குப் போகாவிட்டால் மருத்துவர் படிவம் 47 எழுதலாம். அதை வைத்துப் பொலிஸ் மருத்துவரின் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும்.

எங்களுக்கு உதவியது உத்தரவோடு வந்த நர்ஸ். ஊசி போட்டுவிட்டு ஓடமாட்டார். அவனோடு இருந்து கிரிக்கெட் கதைப்பார், பல்லுக் காட்டக் கூட்டிப்போவார், வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். உத்தரவில்லாமல் அவரைத் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், காத்திருக்கச் சொன்னார்கள். கிடைத்திருந்தால் கையெழுத்து வைத்திருக்கமாட்டேன். இங்கிலாந்தில் இப்படியான உத்தரவை ஆராய்ந்து 2013இல் லான்செட்டில் எழுதினார்கள்: உத்தரவில் இருந்தவர்களிலும் உத்தரவில்லாமல் வார்டிலிருந்து குறுகிய கால விடுப்பில் வந்தவர்களிலும் ஒரே அளவு, 36 வீதம் பேர், ஒரு வருஷத்துக்குள் திரும்ப வார்டுக்குப் போயிருக்கிறார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை.

---

அக்கா, நான் உங்கட தம்பியின்ர இடத்தில இருந்தவன். ஊசிக்குப் பிறகு கை நடுங்கும், தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிக்கோணும். சொன்னால் "அது பழகிவிடும்" எண்டுவினம். கையெழுத்து வைச்ச அண்ணாவோட கனகாலம் கதைக்கேல்லை. ஊசிக்காக இல்லை, என்னட்ட ஒரு வார்த்தை கேக்காததுக்கு.

உரிமை ஆலோசகர் சொல்லித்தான் உத்தரவு சரியா எண்டு விசாரிக்கிற சம்மத, தகுதி வாரியத்துக்குப் போகலாம் எண்டு தெரிஞ்சது. போனன். வாரியம் உத்தரவை நீக்கேல்லை. ஆனால் அங்க எல்லாருக்கும் முன்னால நடுக்கத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான் மருத்துவர் மருந்தின்ர அளவைக் குறைச்சார். தம்பி விசாரணைக்குப் போக விரும்பினால் மறிக்காதேங்கோ, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ. ஊசி அவருக்கு என்ன செய்யுது எண்டதை அவர் சொல்லச் சொல்ல எழுதி வைச்சிருங்கோ.

---

நன்றி தம்பி. இரண்டாவது முறை புதுப்பிக்கும்போது வாரியம் தானாகவே பார்க்கும் என்று நர்ஸ் சொன்னார். அதுவரை காத்திருக்கவில்லை, விசாரணைக்குப் போக விருப்பமா என்று இந்தக் கிழமையே என் தம்பியிடம் கேட்கிறேன். உத்தரவே வேண்டாம் என்றால் சம்மதத்தை எப்போதும் நான் மீளப் பெறலாம் என்பதையும் அவனுக்குச் சொல்லப்போகிறேன்.