மறு: ‘மிலிட்டரி டெவலப்மெண்ட்ஸ்’: வளர்ச்சியா, நிலவரமா?

> சீனப் படைகளைப் பற்றி பென்டகன் ஆண்டுதோறும் அமெரிக்க காங்கிரசுக்குத் தரும் அறிக்கையை ‘ராணுவ வளர்ச்சி அறிக்கை’ என்று எழுதினால் என்ன குறை? பத்திரிகைக்காரர்களுக்கு அது போதுமே.

ஐயா, வணக்கம்.

2009 வரை அதன் தலைப்பில் ‘மிலிட்டரி பவர்’ என்றுதான் இருந்தது. ‘படைவலிமை’ என்று எழுதிவிட்டுப் போகலாம், வம்பில்லை. 2010-இல் ‘மிலிட்டரி அண்ட் செக்யூரிட்டி டெவலப்மெண்ட்ஸ்’ என்று மாற்றினார்கள். அன்றைக்குப் பிடித்தது நமக்குச் சனி.

வளர்ச்சி என்றால் வளர வேண்டும். அணு ஆயுதக் கணக்குக்கு அது பொருந்தும்: 2020 அறிக்கையில் 200-ஐ ஒட்டி இருந்தது, 2024 அறிக்கையில் 600-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் 2023-இன் பிற்பாதியில் படை உயரதிகாரிகளும் ஆயுதத் தொழில் நிர்வாகிகளுமாகக் குறைந்தது 15 பேர் பதவி பறிபோனதையும், அதன் பின்னால் உள்ள ஊழலையும் அதே 2024 அறிக்கை பேசுகிறது. இதை எந்த வாயால் வளர்ச்சி என்பது?

போன வாரம் நான் முன்வைத்தது ‘படை நிலவரம்’. வானிலை நிலவரம், தங்கம் விலை நிலவரம் என்று காதுக்குப் பழகிய சொல். அதை நானே வாபஸ் வாங்குகிறேன். இந்த அறிக்கையைக் கேட்பது 2000-ஆம் நிதியாண்டின் பாதுகாப்பு ஒப்புதல் சட்டம், 1202-வது பிரிவு. சீனப் படையின் தொழில்நுட்பமும் உத்தியும் இப்போது எப்படி என்பதோடு, அடுத்த 20 ஆண்டில் எந்தப் பக்கம் போகும் என்றும் அது கேட்கிறது. இருபது வருஷம் கழித்துத் தங்கம் என்ன விலை என்று யாரும் நிலவரம் போடுவதில்லை.

எந்தப் பக்கம் போகும் என்பதற்கு நம்மிடம் ‘போக்கு’ இருக்கிறது. ‘பையன் போக்கே சரியில்லை’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதில் கவனிப்பும் உண்டு, கொஞ்சம் சந்தேகமும் உண்டு. பென்டகன் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ஆகவே: படைப்போக்கு அறிக்கை.

—

> சொல் நல்ல சொல். ஆனால் ‘படைப்போக்கு’ என்று சேர்த்து வாசித்தால் எனக்கு வயிற்றுப்போக்குதான் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும். தவிர, ‘டிரெண்ட்’டுக்குப் போக்கு என்று ஏற்கெனவே எழுதுகிறோம்.

வந்துவிட்டதா! எதிர்பார்த்தேன். சரி, ‘படைத்துறைப் போக்குகள்’ என்று பன்மையில் வைப்போம், வயிறு தப்பிக்கும். ‘டிரெண்ட்’ விஷயத்தில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஒரு தமிழ்ச் சொல் இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கு வரக்கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது தலைப்பின் மறுபாதி. ‘டிஃபென்ஸ்’, ‘செக்யூரிட்டி’ இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். ‘பாதுகாப்புத் துறையின் படைத்துறை, பாதுகாப்புப் போக்குகள் அறிக்கை’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘காப்பு’, ‘காவல்’, ‘ஏமம்’ என்று யாரிடமாவது ஏதாவது இருந்தால் தனி இழையில் போடுங்கள்.