கட்டணப் பக்கத்தில் பெர்ல் பிழைச்செய்தி: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

ஒரு கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் பக்கத்தை பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசித் தேதியன்று மதியம் ஒரு மாணவியின் அப்பா போன் செய்தார். "தம்பி, பணம் கட்டுற பக்கத்துல ஏதேதோ இங்கிலீஷ்ல வருது. பணம் போயிடுச்சா?"

ஸ்கிரீன்ஷாட் வாங்கிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 'சாப்ட்வேர் எர்ரர்'. கீழே டேட்டாபேஸ் பெயர், யூசர் பெயர், 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்', சர்வரில் என் ஸ்கிரிப்ட் இருக்கும் முழுப் பாதை, வரி எண். பாஸ்வேர்டு வர வேண்டிய இடத்தில் மட்டும் மூன்று புள்ளி. அதை, டேட்டாபேஸோடு பேசும் பெர்ல் மாட்யூலான டிபிஐ மறைத்திருந்தது. சோதிக்கும்போது, பிழைச்செய்தியை அப்படியே பிரவுசரில் காட்டுவதற்காக சிஜிஐ::கார்ப் மாட்யூலில் போட்ட பேட்டல்ஸ்-டு-பிரவுசரை எடுக்காமலே லைவில் விட்டிருக்கிறேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு அந்தப் பக்கத்தில் பதில் இல்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

அன்றிரவே மொத்த வேலையையும், உள்ளே வரும் பிழையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு இவாலுக்குள் கொண்டுவந்தேன். டை ஆனால், அதாவது பிழையால் வேலை பாதியில் நின்றால், முழுச் செய்தியும் ஒரு எண்ணோடு லாகுக்குப் போகும். பயனருக்கு, 'சர்வரில் பிழை' என்று சொல்லும் ஸ்டேட்டஸ் 500 உடன், கல்லூரியின் வழக்கமான தலைப்பு உள்ள டெம்ப்ளேட்டில் அதே எண் வரும். பேமெண்ட் கேட்வேக்குப் போகும் முன்பே நின்றிருந்தால் முதல் வரியே "உங்கள் பணம் எடுக்கப்படவில்லை" என்றிருக்கும்.

—

அண்ணா, நான் பட்டது வேறு. பெரிய பட்டியலை வரி வரியாக பிரிண்ட் செய்துகொண்டே போவேன். நடுவில் டை. ஹெடரும் பாதி டேபிளும் ஏற்கெனவே போய்விட்டதால், பிழைப் பக்கம் டேபிளின் ஒரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்டேட்டஸோ 'எல்லாம் சரி' என்று சொல்லும் 200. இப்போது டெம்ப்ளேட்டில் மதிப்புகளை நிரப்பித் தரும் எச்டிஎம்எல்::டெம்ப்ளேட் மாட்யூலின் அவுட்புட்டை ஒரு மாறியில் வாங்கி, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் ஒரே பிரிண்ட்.

—

டை நடந்தால் தானாகக் கூப்பிடப்படும் சிக்னல் டை ஹேண்ட்லர் வைப்பவர்களும் கவனியுங்கள். இவாலுக்குள் நடக்கும் டைக்கும் அது கூப்பிடப்படும். ஏதோ ஒரு மாட்யூல், இன்னொரு மாட்யூல் இருக்கிறதா என்று இவாலில் தட்டிப் பார்த்ததற்கே என் பிழைப் பக்கம் வந்து நின்றது. அண்ணன் செய்ததுபோல மேலே ஒரு இவால் போதும்.

இன்னொன்று. டிசைனர் எங்கள் பிழை டெம்ப்ளேட்டில், மதிப்பு வந்து உட்கார வேண்டிய ஒரு டேகை எடுத்துவிட்டார். டெம்ப்ளேட்டில் இல்லாத பேராமீட்டருக்கு மதிப்புக் கொடுத்தால் எச்டிஎம்எல்::டெம்ப்ளேட்டே டை ஆகும். பிழையைச் சொல்ல வந்த பக்கமே செத்து, அப்பாச்சியின் வெறும் 500தான் வந்தது. அந்த டெம்ப்ளேட்டுக்கு மட்டும் டை-ஆன்-பேட்-பேராம்ஸை 0 ஆக்கி, அப்படி டை ஆவதை நிறுத்தினேன். அதுவும் போனால் காட்ட, எந்த ஃபைலையும் தொடாமல், ஸ்கிரிப்டுக்குள்ளேயே நாலு வரி எச்டிஎம்எல் வைத்திருக்கிறேன்.