சைரனும் இல்லை, விளக்கும் இல்லை, சிவப்பு சிக்னலில் போகிறார்கள்: போலீசுக்குத் தனிச் சாலைவிதியா?

நடைபாதைவாசி கேட்கிறார்:

நேற்று மாலை சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் 40 விநாடி என்று காட்டியது. பின்னால் வந்த ரோந்து வண்டி ஒன்று இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டு எங்களை உரசுகிற மாதிரி வளைந்து சிவப்பிலேயே போய்விட்டது. சைரன் இல்லை, மேலே விளக்கும் எரியவில்லை. சரி, ஏதோ அவசரம் போல என்று விட்டுவிட்டேன். பச்சை விழுந்து அடுத்த திருப்பத்துக்குப் போனால், அதே வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கிறது, ஓட்டி வந்தவர் கதவில் சாய்ந்தபடி போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். போன மாதம்தான் முன்சக்கரம் கோட்டை ஒரு சாண் தாண்டியதற்கு எனக்கு அபராதம் போட்டார்கள். (தாண்டியது உண்மை. கட்டிவிட்டேன். அதில் வருத்தம் இல்லை.)

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அவசரத்துக்கு விலக்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அது சட்டத்தில் எழுதி இருக்கிறதா, இல்லை நாமாகப் பழக்கிவிட்டதா? காக்கி போட்டாலே விலக்கா? திட்டித் தீர்க்கக் கேட்கவில்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சட்டப்புழு:

எழுதித்தான் இருக்கிறது. ஆனால் பலர் நினைப்பதைவிட ரொம்பக் குறுகலாக.

பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு சொல்வது: வேக வரம்பைப் பின்பற்றினால் அந்த நேரத்தில் வண்டி எந்த வேலைக்காக ஓடுகிறதோ அந்த வேலை கெட்டுப்போகும் என்றால் மட்டும் வரம்பு பொருந்தாது. ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது அவரும் நம்மைப் போலத்தான். கலிபோர்னியாவில் அவசர அழைப்புக்கோ துரத்தலுக்கோ போக வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும், தேவைப்படும் அளவுக்குச் சைரன் ஒலிக்க வேண்டும், அப்போதுதான் விலக்கு. அதற்கு அடுத்த பிரிவே, இவ்வளவும் இருந்தாலும் மற்றவர்களின் பாதுகாப்பைப் பார்த்து ஓட்டும் கடமை போகாது என்று கொக்கி போடுகிறது. ஜெர்மனியில் நீல விளக்கு மட்டும் எரிந்தால் அது வெறும் எச்சரிக்கை. கூடவே ஒலியும் வந்தால்தான் மற்றவர்கள் உடனே வழிவிட்டாக வேண்டும். இரண்டு முறை ஹார்ன் அடிப்பதை இதில் எதுவும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 210பி பிரிவு. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே அதை மீறினால் அந்தக் குற்றத்துக்கான தண்டனை இரட்டிப்பு. ஆக, தாளில் பார்த்தால் உங்கள் ரோந்துக்காரர் உங்களைவிட இரண்டு மடங்கு கட்ட வேண்டியவர். அவருக்கு யார் சீட்டு கிழிப்பது என்று கேட்காதீர்கள், எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

---

இரவுப்பணி:

நான் போலீஸ் இல்லை, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன், 11 வருடம். சிவப்பில் போகலாம் என்பதை வெளியே இருப்பவர்கள் 'நிற்காமல் போகலாம்' என்று நினைக்கிறார்கள். நாங்கள் போவது அப்படி இல்லை.

சந்திப்பு வருவதற்கு முன்னாலேயே சைரனின் தொனியை மாற்றுவேன், நீளமாக இழுக்கிற சத்தத்திலிருந்து விட்டுவிட்டுத் துடிக்கிற சத்தத்துக்கு. ஒரே சத்தம் காதுக்குப் பழகிவிடும், மாறினால்தான் தலை திரும்பும். கோட்டுக்கு வந்ததும் கிட்டத்தட்ட நின்றுவிடுவேன். அப்புறம் ஒவ்வொரு வரிசையாகக் கடப்பேன். முதல் வரிசையில் ஒரு பெரிய வண்டி நல்ல மனதோடு நின்று வழிவிடுவார், ஆபத்தே அங்கேதான், ஏனென்றால் அவருக்கு அந்தப் பக்கம் இரண்டாவது வரிசையில் வருகிறவருக்கு நான் தெரியவே மாட்டேன், அவருக்குப் பச்சை, கண்ணாடி ஏற்றியிருக்கிறார், உள்ளே பாட்டு ஓடுகிறது. அதனால் மூக்கை மட்டும் நீட்டி, அந்த ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, அவர் என்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே அடுத்த அடி. முன்னால் இன்னொரு அவசர வண்டி போனால் இன்னும் மோசம், அது போனதும் சனம் எல்லாம் முடிந்துவிட்டதென்று ரோட்டில் இறங்கிவிடும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. 5 கிலோமீட்டரை 60-இல் போனால் 5 நிமிடம், 90-இல் போனால் 3 நிமிடம் 20 விநாடி. மிச்சம் 100 விநாடி. அதற்கு விலையாக மோதலின் வேகம் ஒன்றரை மடங்கு, அடி இரண்டேகால் மடங்கு. மூச்சு நின்றவருக்கு அந்த 100 விநாடி பெரிசு. கால் முறிந்தவருக்கு ஒன்றுமே இல்லை. இதைத் தீர்மானிக்கத்தான் சம்பளம்.

விளக்கு போடாமல் சிவப்பில் போகிறவரைப் பார்த்தால் எனக்கு உங்களைவிட அதிகமாகக் கோபம் வரும். அப்படிப் பத்துப் பேர் போனால், பதினொன்றாவதாக நான் நிஜமாகவே சைரனோடு வரும்போது எவர் நகர்வார்?

---

காக்கிவீட்டுப்பெண்:

என் அப்பா போலீஸ், இப்போது ஓய்வு. அதனால் சாய்வாகத்தான் பேசுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

விளக்கும் சத்தமும் இல்லாமல் வேகமாகப் போனாலே தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வீட்டில் திருடன் உள்ளே இருக்கிறான் என்று அழைப்பு வந்தால் தெருமுனையிலேயே சைரனை அணைத்துவிடுவார்கள், சத்தம் கேட்டால் பின்பக்கமாக ஓடிவிடுவான் அல்லது உள்ளே இருப்பவரைப் பிடித்துக்கொள்வான். முன்னால் ஒருவர் வேகமாகப் போகிறார் என்றால், எவ்வளவு வேகம் என்று உறுதி செய்யவே பின்னால் அதே வேகத்தில் கொஞ்சத் தூரம் போவார்கள். பார்க்கிறவருக்கு 'போலீஸே பறக்கிறது' என்றுதான் தோன்றும். போகிற வழியில் அழைப்பு ரத்தாகிவிடுவதும் உண்டு நடைபாதைவாசி, நீங்கள் பார்த்த சிரிப்பு அதற்குப் பிந்தையதாகவும் இருக்கலாம்.

ஆனால் சீட் பெல்ட், ஹெல்மெட் விஷயத்தில் நான் அப்பாவோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டவள். 'சட்டென்று இறங்க வேண்டியிருக்கும்' என்பார். பட்டனை அமுக்க எத்தனை விநாடி ஆகும் அப்பா என்றால் பதில் வராது. குடித்துவிட்டு ஓட்டுவது, வீட்டுக்குப் போகும்போது சிவப்பில் போவது, கடை வாசலில் குறுக்கே நிறுத்துவது இதற்கெல்லாம் நானும் வக்காலத்து வாங்க மாட்டேன்.

---

மைல்கல்:

மேலே சட்டப்புழு கேட்ட 'யார் சீட்டு கிழிப்பது' சிரிக்கிற விஷயம் இல்லை. புளோரிடாவில் 2011-இல் நடந்தது. நெடுஞ்சாலைக் காவல்துறையைச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி, மணிக்கு 120 மைல், அதாவது 190 கிலோமீட்டருக்கு மேல் பறந்த வண்டியை விரட்டிப் பிடித்தார். அது வேறொரு நகரத்தின் போலீஸ் வண்டி. அவசர அழைப்பு எதுவும் இல்லை, ஓட்டியவர் பணி நேரத்துக்கு வெளியே பார்க்கிற கூடுதல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த அதிகாரி அவருக்கு விலங்கு மாட்டினார். அதன் பிறகு துன்பப்பட்டது பிடித்தவர்தான். மற்றப் போலீஸ்காரர்கள் அரசு ஓட்டுநர் பதிவேட்டில் புகுந்து அவருடைய சொந்த விவரங்களைத் தேடி எடுத்தார்கள், அவர் வழக்குப் போட வேண்டியதாயிற்று.

சன் சென்டினல் பத்திரிகை இதைப் பிடித்துக்கொண்டது. போலீஸ் வண்டிகளின் சுங்கச்சாவடிப் பதிவுகளைக் கேட்டு வாங்கி, சாவடிகளுக்கு இடையிலான தூரத்தைத் தாங்களே அளந்து, எத்தனை நிமிடத்தில் கடந்தார்கள் என்று வகுத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான், பள்ளிக்கூடக் கணக்கு. 90 முதல் 130 மைல் வரை போன கிட்டத்தட்ட 800 பேர் சிக்கினார்கள், பலர் பணியில் இல்லாதபோது. 2013-இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு இதற்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால் 210பி மாதிரிச் சட்டத்தைவிட இந்த மாதிரி ஒரு பதிவேடு இருப்பதுதான் வேலை செய்யும். ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் ஜிபிஎஸ் இருந்து, அதை வெளி ஆள் எடுத்துப் பார்க்க முடியும் என்றால், ஒருவரை இன்னொருவர் காட்டிக்கொடுக்க வேண்டிய சங்கடமே வராது.

---

சட்டப்புழு:

ஒன்று விட்டுப்போயிற்று. பிரிட்டனில் 2009-இல் ஒரு போலீஸ்காரர் வழக்கில், ஓட்டியது ஆபத்தானதா என்று பார்க்கும்போது அவருடைய சிறப்புப் பயிற்சியைக் கணக்கில் எடுக்கக் கூடாது, சாதாரண ஓட்டுநரின் அளவுகோல்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2022-இல் சட்டத்தையே மாற்றி, அதே பயிற்சி பெற்ற கவனமான போலீஸ் ஓட்டுநரோடுதான் ஒப்பிட வேண்டும் என்று ஆக்கினார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பயிற்சிக்குத் தக்க அளவுகோல் கொடு, அப்புறம் அதிலும் தவறினால் விடாதே.

---

நடைபாதைவாசி:

எல்லோருக்கும் நன்றி. காக்கிவீட்டுப்பெண் சொன்னதைக் கேட்டு, அழைப்பு ரத்தாகியிருக்கலாம் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். அப்படியே இருந்தாலும், வீட்டுத் திருடனிடம் ஒளிக்க வேண்டிய சத்தத்தைச் சந்திப்பில் குறுக்கே வருகிறவரிடமும் ஒளிக்க வேண்டுமா என்பதில் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வண்டி எண் குறித்து வைத்திருந்தேன், இன்று காலை புகார் எழுதி அனுப்பினேன். நேரம், எந்தப் பக்கத்துச் சிக்னல், விளக்கும் சைரனும் இல்லாதது, வண்டி நின்ற இடம், இது மட்டும். போனில் சிரித்ததை எழுதி வைத்திருந்தேன், அடித்துவிட்டேன். அது எந்தப் பிரிவிலும் வராது இல்லையா.

---

இரவுப்பணி:

வராது. பதில் வந்தால் இங்கே போடுங்கள்.