சங்க வீடுகளுக்கு எந்த அளவுக் கொங்கிறீற் மிக்சர் பொருந்தும்?

அன்புள்ள சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஊரில் கட்டப்படவிருக்கும் வீடுகளுக்காகச் சங்கமே ஒரு கொங்கிறீற் மிக்சரை வாங்கிக் கொடுத்தால் என்ன என்று முந்தைய மடல்களில் கேட்கப்பட்டிருந்தது. வாங்குவதென்றால் பெரியதாகவே வாங்குவோம் என்று ரொறன்ரோவில் இருப்பவர்கள் சிலரும், இலண்டனிலிருந்து சிறியதொன்றைக் கொள்கலனில் ஏற்றி அனுப்பலாம் என்று வேறு சிலரும் எழுதியிருந்தார்கள். கட்டட வேலைத்தளங்களில் நீண்ட காலம் நின்றவன் என்ற முறையில் இவ்விரண்டுக்கும் என்னால் உடன்பட முடியவில்லை. அதற்கான காரணங்களைக் கணக்குடன் தருகிறேன்.

ஒரு வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு கொங்கிறீற் தேவை என்பதை வைத்து மிக்சரின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாத வேலை எது, அது எவ்வளவு பெரியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அத்திவாரத்தைப் பகுதி பகுதியாகப் போடலாம். தூண்களை இன்று சில, நாளை சில என்று நிரப்பலாம். நிலத்தை அறை அறையாக முடிக்கலாம். மேல்தளச் சிலாப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. யாழ்ப்பாணத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் முன்னர் போட்ட கொங்கிறீற் இறுகத் தொடங்கிய பின்னர் அதன் ஓரத்தில் புதியதைப் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சேராமல், மாரியில் ஒழுகும் ஒரு கோடாக அந்த இடம் நின்றுவிடும்.

ஊரில் மேசன்மார் அரைப் பை மிக்சர், ஒரு பை மிக்சர் என்றுதான் சொல்வார்கள். வாடகைக்கு விடுபவர்களும் விற்பவர்களும் 5/3½, 10/7, 14/10 என்று எண்களைச் சொல்வதும் உண்டு. இவற்றில் முதல் எண் உள்ளே போடும் சீமெந்து, மணல், சல்லி ஆகியவற்றின் கன அடி. இரண்டாவது, கலந்து வெளியே வரும் கொங்கிறீற்றின் கன அடி. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று ஏறத்தாழ 1¼ கன அடி ஆதலால், 1:2:4 கலவைக்கு (சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சல்லி நான்கு) ஒரு பையுடன் 2½ கன அடி மணலும் 5 கன அடி சல்லியும் சேர்ந்து 8¾ கன அடியாகின்றன. இது 10/7 மிக்சருக்குள், அதாவது ஒரு பை மிக்சருக்குள், அடங்கி, சுமார் 5½ கன அடி கொங்கிறீற்றைத் தருகிறது. அரைப் பைக் கலவை அதே விதத்தில் 5/3½ மிக்சருக்குள் அடங்கும்; அதுதான் அரைப் பை மிக்சர். 14/10 மிக்சர் இந்தக் கலவையில் ஒன்றரைப் பையை மட்டுமே ஏற்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஒரு பையைப் பிரித்துக் கண்ணளவில் பாதியாக்க வேண்டியிருக்கும். வேலைத்தளத்தில் அந்தப் பாதி ஒருநாளும் பாதியாக இருப்பதில்லை. தூண்களுக்குச் சிலர் கேட்கும் 1:1½:3 கலவையில் இரண்டு பை அதற்குள் சரியாக அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சிறிய வீட்டின் தூண்களுக்காக இவ்வளவு பெரிய இயந்திரத்தை யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

ஒரு பை மிக்சர் என்ற பெயரை நம்பி எல்லாக் கலவைக்கும் ஒரு பை போடுவதும் தவறு. நிலத்துக்குப் போடும் 1:3:6 கலவையில் ஒரு பைக்கு 12½ கன அடி வருகிறது. அது 10/7 மிக்சரின் வாயால் வழியும், உள்ளே இருப்பதும் சரியாகக் கலக்காது. கலவையைக் குறைத்துப் போட வேண்டும், அல்லது நிலத்துக்கும் 1:2:4 ஐயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது சிலாப்பின் கணக்கு. 1000 சதுர அடி, 5 அங்குலத் தடிப்பு என்றால் ஏறத்தாழ 417 கன அடி, அதாவது 11.8 கன மீற்றர். ஒரு பை மிக்சரில் இது ஏறத்தாழ 75 தடவை. நிரப்புவது, எல்லாப் பொருளும் விழுந்த பின் குறைந்தது இரண்டு நிமிடம் சுழலவிடுவது, கொட்டுவது ஆகியவற்றைச் சேர்த்து ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் செல்லும். விடியற்காலையில் தொடங்கினால் மதியத்துக்குச் சற்றுப் பின் முடித்துவிடலாம். அரைப் பை மிக்சர் ஒன்றை மட்டும் நம்பினால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகும். அது இருட்டில் முடியும் வேலை, அல்லது முடியாத வேலை.

அப்படியானால் இன்னும் பெரியது இன்னும் விரைவல்லவா என்று கேட்பீர்கள். ஒரு பைக் கலவையின் நிறை, தண்ணீருடன் சேர்த்து, ஏறத்தாழ 390 கிலோ. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இந்த நிறையைச் சவளால் அள்ளிப் போடவும், பின்னர் அதே நிறையைத் தாச்சியில் மேலே ஏற்றவும் ஆட்கள் வேண்டும். மணித்தியாலத்துக்கு நான்கரைத் தொன்னுக்கு மேல் கைமாற வேண்டும். இன்று ஊரில் ஆள் பிடிப்பதே பெரும்பாடு என்பது தொலைபேசியில் ஊருடன் பேசுகிற எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் போதாத இடத்தில் பெரிய மிக்சர் வெறுமனே டீசலைக் குடித்துக்கொண்டு நிற்கும்.

இடமும் ஒரு காரணம். மேற்சொன்ன சிலாப்புக்கு இரண்டு கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மணலும் நான்கு கியூப் சல்லியும் தேவை. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல் ஆதலால் கருங்கல் சல்லி வன்னியிலிருந்து டிப்பரில்தான் வருகிறது. நம் ஒழுங்கைகளின் அகலத்தில் டிப்பர் உள்ளே போவதே சந்தேகமான வளவுகளில் கலந்த கொங்கிறீற்றையே கொண்டுவரும் தயார்க் கலவை லொறியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மிக்சரும் லாண்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரத்தில்) கட்டி இழுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் யோசனையில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். கனடாவின் சிறிய மின் மிக்சர் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. இலங்கை மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். இங்கிலாந்து வேலைத்தளங்களில் பயன்படுவன பலவும் 110 வோல்ற்றுக்கு உரியவை. போதாதற்கு, கடைகளில் எழுதியிருக்கும் 150 லீற்றர் என்பது பெரும்பாலும் பீப்பாயின் முழுக் கொள்ளளவு. கொங்கிறீற்றாக வெளியே வருவது ஏறத்தாழ அதன் மூன்றில் இரண்டு பங்குதான். கப்பல் கூலியைச் சேர்த்தால் அதன் விலைக்கு ஊரிலேயே நல்லதொன்றை வாங்கலாம்.

சங்கத்தின் வீடுகளில் பெரும்பாலானவை ஓட்டுக் கூரை வீடுகள் என்பதை மறந்துவிட்டுத்தான் இவ்வளவும் விவாதிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றில் நிறுத்தாமல் போட வேண்டிய மிகப் பெரிய வேலை சுவரின் மேல் ஓடும் றிங் பீம். 140 அடி நீளத்துக்கு 6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் என்றால் அது ஏறத்தாழ 52 கன அடி. அரைப் பை மிக்சரில் இருபது தடவைக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே சங்கம் வாங்குவதென்றால் டீசல் இயந்திரம் பூட்டிய அரைப் பை மிக்சர் ஒன்றை வாங்கட்டும். சிலாப் போடும் வீடுகளுக்கு அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஒரு பை மிக்சரை வாடகைக்கு எடுக்கட்டும். சங்கத்தின் அரைப் பை மிக்சரும் அன்று பக்கத்தில் நிற்குமானால், பெரியது பழுதானாலும் பாதி வேகத்தில் வேலை தொடரும். இரண்டும் நின்றுவிட்டால், பீமுக்கு மேல் நிறுத்தாமல், இரண்டு பீம்களுக்கு இடையே நடுப்பகுதியில் பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்தும்படி மேசனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது பீப்பாயின் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். பழைய கொங்கிறீற் கட்டியாக ஒட்டியிருந்தாலும் தகடுகள் தேய்ந்திருந்தாலும் அது தன் பெயருக்குரிய அளவைக் கலக்காது. அளப்பதற்கு 12 அங்குல நீள அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட பலகைப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டால் அது சரியாக ஒரு பையின் அளவு. ஈரமணல் கால் பங்குவரை உப்பி நிற்கும் என்பதால் மழைக்குப் பின் மணலைச் சற்றுக் கூட்டியே அளக்க வேண்டும், அதற்கேற்பத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஒரு பைக்கு 25 முதல் 27 லீற்றர் தண்ணீர் போதும். கரையோரத்திலும் தீவுப் பகுதியிலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. மேற்சொன்ன சிலாப்புக்குக் கலக்க மட்டும் 2000 லீற்றர் தேவைப்படும். நல்ல தண்ணீரை முதல் நாளே பவுசரில் வருவித்துத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னர், ஒவ்வொரு வீட்டிலும் சிலாப் உண்டா, உண்டென்றால் அதன் பரப்பும் தடிப்பும் எவ்வளவு, ஒழுங்கையின் அகலம் என்ன, அன்றைக்கு எத்தனை பேரைத் திரட்ட முடியும் என்ற விவரங்களை ஊரிலுள்ள நிர்வாகக் குழுவினர் அனுப்பிவைத்தால், வாடகை நாட்களின் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.