மண்டையில் கரன்ட் வைத்துக்கொண்டு படித்தால் நீட் வருமா?

குடியாத்தம் அக்கா:
என் தம்பிக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை. காட்பாடியில் நீட் ரிப்பீட்டர் பேட்ச், காலை ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. இப்போது புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நெற்றியில் இரண்டு ஸ்பாஞ்சை வைத்து லேசாகக் கரன்ட் விட்டால் படிப்பது நன்றாக மனதில் பதியுமாம், டிடிசிஎஸ் என்று பெயராம். ஆன்லைனில் ஹெட்செட் விலை கட்டுப்படியாகவில்லை என்று கூடப் படிக்கிற பையனின் அண்ணன், பாலிடெக்னிக்காரன், ஒன்பது வோல்ட் பேட்டரியில் தானே செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அம்மாவோ "பிள்ளையைப் பாகாயம் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புற கேஸ் ஆக்கிடாதீங்க" என்று ஒரே அழுகை. இது ஷாக் ட்ரீட்மென்ட் மாதிரியா, இல்லை நிஜமாகவே பலன் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை சர்க்யூட்:
படிப்பு ஏறுமா என்பதை மற்றவர்கள் சொல்லட்டும், நான் சிப்காட்டில் பேனல் வேலை பார்க்கிறவன், அந்த ஒன்பது வோல்ட் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அக்கா, பேட்டரி கொடுப்பது வோல்டேஜ்தான், எவ்வளவு கரன்ட் ஓடும் என்பதைத் தோலின் ரெசிஸ்டன்ஸ்தான் தீர்மானிக்கும். வைத்தவுடன் ஐந்து கிலோ ஓம் இருந்தால் 1.8 மில்லி ஆம்பியர், சரி, ஆய்வுகளில் கொடுக்கிற ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர் அளவுதான். கொஞ்ச நேரத்தில் தோல் ஊறி, நம்ம ஊர் மே மாத வியர்வையும் சேர்ந்து இரண்டு கிலோ ஓமுக்கு இறங்கினால் அதே பேட்டரி 4.5 கொடுக்கும், யாரும் எதையும் திருகியிருக்க மாட்டார்கள். சீரியஸில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் ஓரளவு தாங்கும், ஆனால் ஆய்வகத்தில் வைத்திருக்கிற கருவி நிலையான கரன்ட் தருவது, தானாக மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும், கான்டாக்ட் கெட்டால் கட் ஆகிவிடும். இதெல்லாம் இல்லாமல் நடுவில் வயரைப் பிடுங்கினால் கண்ணுக்குள் பளிச்சென்று மின்னல் வெட்டும், பையன் பயந்துவிடுவான். வீட்டுப் பிளக்கில் சொருகிய அடாப்டரில் செய்கிறேன் என்று அந்தப் பாலிடெக்னிக் தம்பி சொன்னால் மட்டும் என்னிடம் அனுப்பி வையுங்கள், நேரிலேயே பேசிக்கொள்கிறேன்.

வாலாஜா கேமர்:
எல்லாரும் சேர்ந்து ஓவராகப் பயமுறுத்தாதீர்கள். 2013-லேயே அமெரிக்காவில் கேம் விளையாடுகிறவர்களுக்கென்று ஹெட்செட் விற்றார்கள். முறையாகச் செய்த 33,000-க்கும் மேற்பட்ட தடவைகளைத் தொகுத்துப் பார்த்து, பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்று 2016-ல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. என் ரூம்மேட் ஒரு ஹெட்செட் வாங்கிப் போட்டான், அரிப்பும் சுருசுருவென்று ஒரு உணர்வும்தான். ஒரு நாள் ஸ்பாஞ்ச் ஓரம் காய்ந்ததைக் கவனிக்காமல் போட்டதில் புருவத்துக்கு மேலே ஐந்து பைசா அளவுக்குப் புண். அதுவும் ஆறிவிட்டது.

உடலியங்கியல் மாணவி:
வாலாஜா அண்ணா, நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். அந்த 33,000 தடவையும் அளவு பார்த்து, பெரும்பாலும் உப்புநீரில் நனைத்து, பக்கத்தில் ஆள் இருந்து செய்தவை. போர்வெல் தண்ணீரில் நனைத்து வீட்டில் தனியாகச் செய்வதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. குழாய்த் தண்ணீரில் நனைத்ததால் தோல் புண்ணானது பற்றித் தனியாகவே ஆய்வுகள் உண்டு.

அக்கா, முதலில் அம்மாவுக்கு: இது ஷாக் ட்ரீட்மென்ட் இல்லை. அதில் மயக்க மருந்து கொடுத்து, இதைவிடச் சில நூறு மடங்கு அதிகமான கரன்ட்டில் வலிப்பையே வரவழைக்கிறார்கள். இது ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர்தான், அதிலும் பெரும்பங்கு தோலிலும் மண்டையோட்டிலுமே வழிந்து போய்விடுகிறது. மூளையைச் சுட வைக்காது, நரம்பு செல்கள் சிக்னல் அனுப்பக் கிளம்பும் வாசலைக் கொஞ்சம் தளர்த்தும், அல்லது இறுக்கும். 2000-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்சே, பவுலஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைக் காட்டிய பிறகுதான் இவ்வளவு பரபரப்பும்.

பலன் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் ரோய் கோஹன் கதோஷ் குழு 2010-ல் புதிதாக உருவாக்கிய எண் குறிகளைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தது. மண்டையின் பின்பக்கவாட்டில் ஒரு குறிப்பிட்ட திசையில் கரன்ட் கொடுத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள், ஆறு மாதம் கழித்தும் அது நின்றது. கேட்க ஆசையாக இருக்கிறதல்லவா? பங்கேற்றவர்கள் வெறும் 15 பேர். எனக்கு முக்கியமாகப் படுவது அதே குழு 2013-ல் கண்டது. ஒரு இடத்தில் கொடுத்தால் கற்கும் வேகம் கூடியது, ஆனால் கற்றதை யோசிக்காமல் சட்டென்று பயன்படுத்தும் திறன் குறைந்தது. வேறு இடத்தில் கொடுத்தால் தலைகீழ். நீட்டில் கேள்விக்கு ஒரு நிமிடம் என்று ஓடுகிற பிள்ளைக்கு இந்த இரண்டில் எதை விற்று எதை வாங்குவது?

2014-ல் இன்னொன்று. கணக்கைக் கண்டாலே பதறுகிறவர்களுக்கு அதே கரன்ட் உதவியது, பதற்றம் இல்லாதவர்களின் வேகத்தைக் குறைத்தது. உங்கள் தம்பி எந்த ரகம் என்று யார் சொல்வது? வீட்டில் தாமாகச் செய்துகொள்கிறவர்களுக்கு 2016-ல் நரம்பியல் ஆய்வாளர்கள் வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார்கள். ஒன்று கூடினால் இன்னொன்று குறையலாம், மாற்றம் நெடுநாள் நிற்கலாம், ஆளுக்கு ஆள் மாறும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எழுதியவர்கள் இதன் எதிரிகள் இல்லை, இதையே தொழிலாகச் செய்கிறவர்கள். ஒரே ஒரு தடவை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2015-ல் ஒரு குழு அலசியபோது, அறிவுத் திறனில் நம்பும்படியான மாற்றமே தெரியவில்லை என்றது, அதற்கு மறுப்பும் வந்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. இதில் பதினேழு வயது மூளையைக் கொண்டுபோய் ஏன் சிக்க வைக்க வேண்டும்?

ஆற்காடு வாத்தியார்:
முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன் கேட்கிறேன். பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கிறானா, இல்லை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே போகிறானா? திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடத் தன்னையே கேள்வி கேட்டுப் பார்ப்பது நீண்ட நாள் நிலைக்கும் என்று 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் சோதித்தே காட்டினார்கள். அதற்குப் பேட்டரி வேண்டாம்.

குடியாத்தம் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. சார், அவன் பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறான், கோடு போடுகிற ரகம்தான், நோட்டு முழுக்க மஞ்சளும் பச்சையும். மாணவி தங்கச்சி, இன்னொன்று கேட்க வேண்டும். மூன்று வயதில் அவனுக்குக் காய்ச்சலில் ஜன்னி, அதாவது வலிப்பு வந்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இதைச் சொல்லணுமா?

உடலியங்கியல் மாணவி:
அதைத்தான் அக்கா முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆய்வுகளில் வலிப்பு வந்த வரலாறு உண்டா, தலைக்குள் உலோகம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஆளையே சேர்ப்பார்கள், உண்டென்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழந்தையில் வரும் காய்ச்சல் ஜன்னி பெரும்பாலும் பயப்படும்படியானது இல்லைதான், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நரம்பியல் டாக்டர், பாலிடெக்னிக் அண்ணன் இல்லை. இன்றைக்கு ராத்திரியே தம்பியிடம் பேசிவிடுங்கள். திட்டாமல் பேசுங்கள், திட்டினால் கூடப் படிக்கிற பையன்களோடு சேர்ந்து ஒளித்துச் செய்வான்.

ஆற்காடு வாத்தியார்:
ஞாயிற்றுக்கிழமை தாவரவியல் சேப்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், மார்க்கர் இல்லாமல். பதினோரு மணிக்குமேல் வரட்டும், அதுவரை தூங்கட்டும்.